அவர் தொடாமல் விட்ட கடல்

"முடிக்காமலே போட்டுட்டுப் போயிட்டாங்க" என்கிறார்கள். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் அந்தச் சுற்றுச்சுவரைப் பார்த்தவர்களில் பாதிப் பேரின் தீர்ப்பு இதுதான். மீதிப் பேர் "மாடர்ன் ஆர்ட், நமக்கெங்க புரியப்போகுது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். இரண்டுமே ஆட்டத்தைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு.

சுவரின் மேல் பாதி முழுக்க ஒரு தோணி. பக்கப் பலகைகள், பாய்மரம், கயிறுகள், மூட்டை அடுக்கும் ஆட்கள் என்று எல்லாமே கச்சிதம். தண்ணீர் தொடங்க வேண்டிய இடத்தில் தூரிகை நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெறும் சுண்ணாம்பு. நீலம் இல்லை, அலை இல்லை, நுரை இல்லை. கடலோர ஊரில், கடலுக்குப் போகிற சாலையில், கடலே இல்லாத கடல் படம்.

இந்த விளையாட்டுப் பத்தியில், கிரிக்கெட்டில் அடித்த பந்துகளைவிட அடிக்காமல் விட்ட பந்துகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதியிருக்கிறேன். புதுப் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, கடைசி நொடியில் இன்னும் வெளியே விலகுகிறது. தொடக்க ஆட்டக்காரர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, பந்தைப் போகவிடுகிறார். ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி விழுகிறது, அவ்வளவுதான். கூட்டம் கொட்டாவி விடுகிறது. ஆனால் தன் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தவரால்தான் அப்படி விட முடியும். இந்தச் சுவரை வரைந்த இளம் பெண் கடலை விட்டதும் அதே ரகம். இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்களோடு சண்டை போடவே இந்த வாரப் பத்தி.

பெயர் வேண்டாம். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், வளர வேண்டியவர், அவரை அவர் போக்கில் விடுவோம். எந்தப் போட்டியில் என்ன பரிசு வாங்கினார் என்பதும் வேண்டாம். நம் ஊர்ச் சுவர்களைப் பின்தொடர்கிறவர்களுக்கு அதெல்லாம் மனப்பாடம். அவர் எடுக்கிற ஒரே ஒரு முடிவைப் பற்றி மட்டும் பேசுவோம். கையை எங்கே எடுப்பது?

முதல் சாட்சி, வரையத் தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது. மற்றவர்கள் சுவரை எப்படித் தயார் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலிருந்து கீழ்வரை எமல்ஷனை ரோலரில் உருட்டிவிடுவார்கள். சுவர் முழுக்க ஒரே தரை. இவர் மேல் பாதிக்கு மட்டும்தான் அப்படிச் செய்தார். கீழ்ப் பாதிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் நீற்றி, துணியில் வடிகட்டி, நார் பிரஷ்ஷால் ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்த கோட் என்று அடித்தார். வெள்ளை பளிச்சென்று தெரிய எல்லோரும் ஒரு சிட்டிகை நீலம் கலப்பார்கள். அதைக்கூட அவர் கலக்கவில்லை. தோணியை வரைய எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, வரையாமல் விடப்போகிற இடத்தைத் தயார் செய்ய எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். நேரம் போதாமல் கைவிட்டவர் செய்கிற வேலையா இது?

அந்தச் சுண்ணாம்புக்கு ஒரு காரணமும் உண்டு. தூத்துக்குடிச் சுவர்களில் உப்பு பூக்கும் என்பது இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். மண்ணில் உப்பு, காற்றில் உப்பு. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிக உப்பு விளைகிற சீமை இது. அடிச்சுவர் வழியே ஈரம் ஏறும்போது உப்பும் கூடவே கரைந்து ஏறும். வெளியே வந்து ஈரம் காய, உப்பு அங்கேயே பொரிந்து நிற்கும். மேலே எமல்ஷன் படலம் இருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு உள்ளிருந்து தள்ள, பெயின்ட் கொப்பளித்து உரியும். நம் ஊரில் வரைந்த நீலக் கடல்களெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எந்த லட்சணத்தில் நிற்கின்றன என்று போய்ப் பாருங்கள். எல்லாம் அடியிலிருந்துதான் உரிந்திருக்கும். சுண்ணாம்பு அப்படி இல்லை, அது மூச்சு விடும். உப்பு அதன் வழியே வெளியே வந்து பூக்கும். ஆக, தோணிக்குக் கீழே அவர் விட்டுவைத்த இடத்தில் உப்புத் தண்ணீர் தானே வந்து வரையப்போகிறது. எங்கே திட்டுத் திட்டாக, எங்கே கோடு கோடாக என்பது ஒவ்வொரு மழைக்கும் மாறும். பெயின்ட் டப்பாவில் வாங்குகிற கடல் இப்படி மாறுமா?

இரண்டாவது சாட்சி சாரத்தின் மேல் நடந்தது. இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பேனர் வரைந்த பழைய ஆட்கள் கிராஃப் கட்டம் போட்டுத்தான் உருவத்தைப் பெரிதாக்குவார்கள். இவர் கட்டம் போடுவதில்லை. இந்தச் சுவரில் ஒரே ஒரு முறை நூல் அடித்தார். காவியில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு. பிறகு பலகை பலகையாகத் தோணியின் உடம்பை மேலிருந்து கீழே இறக்கினார். ஒவ்வொரு பலகைக் கோடும் அந்தக் காவிக் கோட்டை நெருங்கும்போது கை மெதுவாகும். முன்பக்கத்துக் கோடுகள் காவிக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை இறங்கின. பின்பக்கம் போகப் போக, கோட்டைத் தொடும் முன்னாலேயே ஒவ்வொன்றாக நின்றன. எதுவும் வெட்டினாற்போல் நிற்கவில்லை. தூரிகையில் பெயின்ட் தீர்கிற இடமும் கை எழும்புகிற இடமும் ஒன்றாக இருந்தன. கடைசியில் ஈரத்துணியால் காவிக் கோட்டையும் துடைத்துவிட்டார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்ல இப்போது அந்தப் பலகை நுனிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கீழே ஒரு பெரியவர் நின்றிருந்தார். அந்தக் காலத்தில் தோணியை ஓட்டும் தண்டலாக இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

"எம்மா, தண்ணி போடலையா?"

"தண்ணி இருக்கு தாத்தா."

பெரியவர் சாலையின் அந்தப் பக்கம் வரை பின்னால் நடந்துபோய், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சத்தமாகச் சொன்னார்:

"பின்னால பாரம் கூடிப்போச்சு. ரெண்டு மூட்டைய முன்னால தள்ளச் சொல்லு."

இதற்கு மேல் என்ன விமர்சனம் வேண்டும்? தண்ணீர் இல்லாத படத்தில் ஒரு தோணிக்காரர் தண்ணீரைப் பார்த்துவிட்டார். தோணி எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, பாரம் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று கணக்கும் போட்டுவிட்டார். நீலத்தைப் பூசியிருந்தால் அந்த மனுஷர் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. அவருடைய அம்மா வழி வீடு கோவில்பட்டி. விளையாட்டுப் பக்கம் வாசிப்பவர்களுக்கு அது ஹாக்கி ஊர். ஓவியத்தில் அது கொண்டையராஜுவின் ஊர். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த சி. கொண்டையராஜு சென்னையில் ஓவியம் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கம்பெனியோடு கோவில்பட்டி வந்து, அங்கேயே தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு சாமி படங்கள் எழுதினார். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள். அந்தப் படங்கள் காலண்டராகி இந்தியா முழுக்கச் சுவர்களில் தொங்கின. லட்சுமிக்குப் பின்னால் தெரியும் ஏரி, மலை, மண்டபம் எல்லாம் நாடகத் திரையிலிருந்து இறங்கி வந்தவை. ஒரு அங்குலம் விடாமல் நிரப்புகிற கலை அது. அதைப் பார்த்து வளர்ந்தவர் எப்படிப் பாதிச் சுவரை வெறுமையாக விடுகிறார்?

அதே காலண்டரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடைப் பெயர் அச்சடிக்கவும் தேதித் தாள் ஒட்டவும் ஓவியர்கள் இடம் விட்டுத்தான் எழுதினார்கள். அதில் யார் பெயர் வரப்போகிறது என்று எழுதும்போது அவர்களுக்குத் தெரியாது. ஜவுளிக்கடையாக இருக்கலாம், மாவு மில்லாக இருக்கலாம். இந்தப் பெண் சின்ன வயதில் சாமியை விட்டுவிட்டு அந்தப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். படத்தில் பார்க்கிறவருக்கென்று ஓர் இடம் உண்டு, அது கீழே இருக்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் முளைத்திருக்கிறது. அவர் சாமி படம் வரைவதில்லை. ஆனாலும் கொண்டையராஜு பள்ளியின் வாரிசு என்று அவரைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

கோட்டுக்கு முன்மாதிரி ஓவியர் ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும், கி.ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு வரைந்த படங்களையும் பழைய பத்திரிகைத் தாள்களிலிருந்து இந்தப் பெண் வெட்டி வைத்திருக்கிறார். கரிசல் மனிதர்களை இத்தனை குறைந்த கோடுகளில் நிறுத்த முடியுமென்றால் கடல்காரர்களையும் நிறுத்த முடியும் என்பது அவர் கணக்கு.

ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் கழுகுமலை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயில். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேலிருந்து கீழே செதுக்கியது. முதலில் சிகரம், பிறகு அதற்குக் கீழே, பிறகு அதற்கும் கீழே. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி வரைக்கும் உளி நுணுக்கமாக இறங்கி வந்திருக்கிறது. அடிப்பகுதி முடியவில்லை. அங்கே பாறை பாறையாகவே நிற்கிறது. ஏன் நிறுத்தினார்கள் என்பது பெரிய கேள்வி, வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் பார்வைக்குப் பட்டது செய்கிற வரிசை. கல்லில் ரப்பர் கிடையாது. எடுத்த துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. மேலிருந்து வருகிறவன் ஒவ்வொரு அடியிலும் "இதற்கு மேல் எடுக்கலாமா" என்று முடிவெடுத்துத்தான் இறங்க வேண்டும். அந்தப் பெண்ணின் தோணியும் மேலிருந்துதான் இறங்கியது. அவர் அழிப்பதில்லை, மேலே பூசித் திருத்துவதும் இல்லை. தப்பாக விழுந்த கோடு அப்படியே இருக்கும். பாய்மரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அப்பா வழித் தாத்தா சங்கு குளித்தவர். இந்தக் கரையில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு மூழ்கத் தெரிந்தவர்களுக்குச் சங்குதான். இங்கே எடுக்கிற சங்கு வங்காளத்துக்கு வளையலாகப் போவது பழைய கதை. குளிப்பவர்களின் திறமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கடலில் வாழ்ந்தவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். இன்னும் ஒரு சங்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். நெஞ்சில் கொஞ்சம் மூச்சும் இருக்கும். அப்போது அதை விட்டுவிட்டு மேலே வருகிறவன்தான் மறுநாளும் குளிப்பான். மேலே வந்த பிறகும் அளவில் சிறிய சங்கைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும். அது வளரும். தாத்தாவிடம் இந்தப் பெண் தூரிகை பிடிக்கக் கற்கவில்லை, எப்போது மேலே வர வேண்டும் என்று கற்றுக்கொண்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டு அவருடைய குறையைச் சொல்லாமல் போனால் அது அலசல் ஆகாது. கயிறு என்று வந்தால் அவருக்குக் கை நிற்பதில்லை. பாய்மரத்தின் இடப்பக்கம் முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் குவிந்திருக்கிறது. கடலையே விட்டவருக்கு நாலு கயிற்றை விட மனம் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகு பிரமாதம், கை விரல்கள் இன்னும் விறைப்பு. முகங்களை அவர் வரைவதே இல்லை. எல்லோரும் நமக்கு முதுகு காட்டி வேலை பார்க்கிறார்கள். அதைக் கொள்கை என்கிறார். எனக்கு அதில் பாதி கொள்கையாகவும் பாதி பயமாகவும் படுகிறது. முகத்தை எதிர்கொள்கிற நாள் வரும், வர வேண்டும்.

ஆனால் பொதுவாக அவர்மேல் வைக்கிற விமர்சனம் இதுவல்லவே. "சென்னைக் கண்ணகி நகரில் 2020இல் வரைந்தார்களே, அப்படி மாடி உயரத்துக்கு வண்ண வண்ணமாக முகங்கள் வரைந்தால் ஊருக்கும் பேர் கிடைக்குமே" என்கிறார்கள். அந்தச் சுவர்களை நான் ரசித்தவன். கடற்கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அங்கே பெரிய முகங்கள் தேவைப்பட்டன. "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று அந்தச் சுவர்கள் சொல்லியாக வேண்டும். துறைமுகச் சாலையில் போகிறவருக்கு யார் எதை நிரூபிக்க வேண்டும்? சுவரைத் தாண்டினால் அசல் கடல் இருக்கிறது. ஓவியப் போட்டிகளில் "முழுமை" என்று தனியாக மதிப்பெண் போடும் பழக்கமும் இங்கே கேடு செய்கிறது. நிரப்பினால் மதிப்பெண், விட்டால் கழிவு. இப்படிப் பழகிய பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாளைக் கண்டாலே கை நடுங்குகிறது. நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

இந்தச் சுவரைப் பார்த்து நகல்கள் வரும். இரண்டு மழைக்குள் வெள்ளை விட்ட படங்கள் நாலைந்தாவது நம் ஊரில் முளைக்கும். எல்லோரும் வெள்ளையைப் பார்ப்பார்கள், சுண்ணாம்பைப் பார்க்க மாட்டார்கள். வெள்ளை எமல்ஷன் அடித்து அதையே கடல் என்பார்கள். அது கொப்பளித்து உரியும்போது "இந்த ஸ்டைல் சரிப்படாது" என்ற பேச்சு கிளம்பும். நம்பாதீர்கள்.

அந்த வெற்று இடத்தில் யாராவது எழுதுவார்கள். தமிழ்நாட்டில் சாலையோரத்து வெள்ளைச் சுவர் ஒரு தேர்தலைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. அவருக்கு இது தெரிந்தேதான் இருக்கிறது, காலண்டரின் அடிப்பட்டையைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா. அவர் சும்மா இருந்துவிடுவார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது. எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த சுவருக்குப் போங்கள்.

படிக்கப் போவார். 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியோ கும்பகோணமோ, ஏதாவது ஒன்றில் சேருவார் என்று நினைக்கிறேன். சேர்ந்ததும் வண்ணம் அவரைப் பிடித்துக்கொள்ளும். ஓரிரண்டு ஆண்டு எல்லாவற்றையும் நிரப்புவார். கான்வாஸில் வெள்ளைப் பொட்டு இருக்காது. "பழைய ஆட்டம் போச்சு" என்று நம் ஆட்களே கைவிரிப்பார்கள். அப்போது இந்தப் பத்தியை எடுத்துப் படியுங்கள். முகம் வரையக் கற்றுக்கொண்டு, விரல்களைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பி வருவார். அந்த முகங்களில் எதை வரையாமல் விடப்போகிறார் என்பதைப் பார்க்க நான் காத்திருக்கிறேன். கண்ணாக இருக்கும் என்பது என் ஊகம்.

அவருடைய பெரிய ஆசை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும், தீவுக்கு ஒரு தாளாக, கோட்டோவியத் தொகுப்பாக வரைய வேண்டும். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. படகில் நின்றே வரைகிறேன் என்கிறார். இந்த 21இல் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததற்கு இந்தக் கரை கொடுத்த விலைகளில் ஒன்று அது. அந்த இரண்டுக்கும் அவர் என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. தாள் இருக்கும், பெயர் இருக்கும், கோடு இருக்காது.

சிக்கல் அந்த 21இல் இன்னொன்றான வான் தீவில்தான். ஒரு காலத்தில் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2015 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கிய பிறகு அரிப்பு குறைந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, ஆனால் நிச்சயம் இல்லை. இதை வரைவதா, விடுவதா? இதுவரை அவர் எடுத்ததிலேயே கஷ்டமான முடிவு இதுவாக இருக்கும். என் கணிப்பு: அவர் அதை ஒரே தாளில் முடிக்க மாட்டார். ஆண்டுக்கு ஒரு தடவை படகில் போய், அன்றைக்கு எவ்வளவு கரை தெரிகிறதோ அவ்வளவுக்கு மட்டும் கோடு போடுவார். பத்துத் தாளோ இருபது தாளோ ஆகட்டும். அந்தத் தொகுப்பு 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே வரைக்கும் போகும், அங்கே அதைச் சரியாகவே பார்ப்பார்கள். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஓர் அறையிலாவது அதைத் தொங்கவிட வேண்டும். மாநகராட்சியும் கல்லூரிகளும் இப்போதே இடம் பார்த்து வைக்கலாம். தமிழ்நாட்டில் இந்தத் தலைமுறைக் கோட்டோவியத்தில் இதற்கு ஈடு இருக்காது என்று அடித்துச் சொல்கிறேன். மறுப்பவர்கள் முதலில் மழைக்குப் பிறகு அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.